நழுவும் விரலும் நீல வட்டமும்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வசிக்கும் தோழி சென்ற வாரம் அழைத்து, பிள்ளைகளுக்குக் கோபத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் அந்த இணையப் பயிற்சியில் தம் மகளையும் சேர்க்கலாமா என்று கேட்டார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் என் மகன் பதினொரு மாதங்களாக அதைப் பயன்படுத்துகிறான். இருந்தும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

தொல்லை மூச்சுப் பயிற்சியில்தான். திரையில் ஒரு நீல வட்டம் விரிந்து சுருங்கும். அது அடங்கும்வரை அதன்மேல் விரலை அழுத்தி வைத்திருக்க வேண்டும், எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. பினாங்குப் புழுக்கத்தில், அதுவும் ஆத்திரத்தில் வியர்த்துப்போன பத்து வயதுப் பிள்ளையின் விரல் நழுவாமல் இருக்குமா? ஒருநாள் நான்காம் முறையாக வட்டம் முதலுக்குத் திரும்பியபோது, தங்கையுடன் போட்ட சண்டையை மறந்து, வட்டத்தின்மீதே கோபம் கொண்டு கைக்கணினியைச் சோபாவில் எறிந்தான். மூன்று முறை புகார் எழுதினேன். மூன்று முறையும் ‘கருத்துக்கு நன்றி’ என்ற ஒரே பதில்தான்.

ஜாடிகளை உடைத்துக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளும் விளையாட்டு ஒன்றும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்கே கோபம் மிகுந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் குறைவான மூர்க்கத்தைக் காட்டினார்கள். பயிற்சியை உருவாக்கியவர்கள் இதைப் படிக்கவில்லை போலும். அந்த விளையாட்டை நாங்கள் தொடுவதில்லை.

ஆனால் ‘கோப வெப்பமானி’ என்ற பகுதியை நான் குறை சொல்ல மாட்டேன். காது சூடாகிறதா, தாடை இறுகுகிறதா என்று கேட்டு, ஒன்று முதல் பத்துவரை குறிக்கச் சொல்லும். அதன் மலாய்ப் பதிப்பில் எல்லாமே ‘மாரா’, அதாவது கோபம்தான்; கடுப்பைக் குறிக்க இங்கே குழந்தைக்கும் தெரிந்த ‘கெராம்’கூட இல்லை. தமிழோ அறவே கிடையாது. ஆகவே நாங்களே எரிச்சல், கடுப்பு, கோபம், ஆத்திரம், வெறி என்று படி பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். கடந்த மாதம் பினாங்குப் பாலத்து நெரிசலில் என் கணவர் ஹாரனை அழுத்தியபோது, “அப்பா, இது கடுப்பா, ஆத்திரமா?” என்று பின்னாலிருந்து மகன் நிதானமாகக் கேட்டான். “கடுப்புதான்,” என்று அவர் கையை எடுத்துக்கொண்டார்.

வாங்க வேண்டாம் என்று தோழிக்கு எழுதிவிட்டேன். அன்றிரவே, அந்த வட்டத்தைத் திட்டிக்கொண்டே, மேலும் மூன்று மாதங்களுக்குச் சந்தாவைப் புதுப்பித்தேன். அவன் பதினொரு மாதங்களாகக் குறித்துவைத்தவை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.