சீட் பெல்ட் ஒலியை அடக்கும் க்ளிப்: வாங்கிப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

ராமநாதபுரத்தில் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் 150 ரூபாய்க்கு இந்த க்ளிப்பை வாங்கினேன். அக்கா குடும்பத்தோடு நான் சென்ற வாடகைக் காரில் இதைக் கண்டது முதல், கையில் வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை.

சீட் பெல்ட்டின் முனையில் இருக்கும் உலோக நாக்கின் அளவிலேயே ஒரு தகடு, அதன் தலையில் கார் நிறுவனச் சின்னம் பொறித்த பிடி, அவ்வளவுதான். இருக்கையோரம் பெல்ட்டைப் பூட்டும் பக்கிளில் செருகினால் கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது. பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் எச்சரிக்கை ஒலி நின்றுவிடுகிறது. விளிம்புகள் வழவழப்பாக இருக்கின்றன. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டு மாதம் கிடந்தும் துரு ஏறவில்லை. கார் ஏமாந்துபோகும் அளவுக்குச் சரியாகச் செய்திருப்பதுதான் இதன் கேடு. பெல்ட் போட்டாயிற்று என்று பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்ச் காரின் கணினிக்குத் தெரிவிக்கிறது. சில கார்களில் காற்றுப்பை (ஏர்பேக்) எப்போது, எவ்வளவு விசையோடு விரிய வேண்டும் என்ற கணக்கிலும் அந்தத் தகவல் சேர்கிறது. சுமார் 30 மில்லி நொடியில் விரியும் அந்தப் பை, பெல்ட் பிடித்து நிறுத்திய உடலைத் தாங்குவதற்கானது. பெல்ட் இல்லாமல் முன்னே பாயும் உடலை அதுவே காயப்படுத்தக்கூடும்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அக்கா சிங்கப்பூரிலிருந்து பேத்தியோடு வந்திருந்தார். காரில் ஏறியதும் அவர் கை தானாகப் பெல்ட்டைத் தேடியது. பெல்ட் கிடைத்தது, அதை மாட்டும் பக்கிள் கிடைக்கவில்லை. ரெக்சின் சீட் கவர் பின்னிருக்கை முழுவதையும் மூடித் தைக்கப்பட்டிருந்தது. இடுக்கில் விரல் விட்டுத் துழாவியபோது மணலும் ஒரு இரண்டு ரூபாய் நாணயமும்தான் வந்தன. முன்னிருக்கையில் என் பக்கத்துப் பக்கிளில் இந்த க்ளிப் பூட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "சத்தம் தொந்தரவா இருக்கும்னுதான் சார். செக்போஸ்ட் வந்தா சொல்றேன், தோள்ல இழுத்துப் போட்டுக்கிட்டாப் போதும்" என்றார் ஓட்டுநர். நல்ல மனிதர், வண்டியையும் நிதானமாகவே ஓட்டினார். பெல்ட் போலீசுக்காக என்று மனமார நம்புகிறார்.

பெல்ட்டைக் கட்டாயமாக்கலாமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-லேயே பெல்ட்டைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனிலோ, ஒருவர் தன் உயிரைக் காத்துக்கொள்வதில் அரசுக்கு என்ன வேலை என்ற வாதம் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்து, 1983-ல்தான் முன்னிருக்கைக்கு விதி வந்தது. நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் வேகத்துக்கு வரம்பே வைக்க விடாத ஜெர்மனியரும் பெல்ட்டை ஏற்றுக்கொண்டுவிட்டனர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வயது வந்தவர்களுக்கு இன்றும் அந்தக் கட்டாயம் இல்லை. பெல்ட் போடாதவரையும் காக்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்டதால், அங்கே காற்றுப்பைகளே ஐரோப்பியக் கார்களில் இருப்பவற்றைவிடப் பெரிதாகவும் விசை மிகுந்ததாகவும் செய்யப்பட்டன.

நியூ ஹாம்ப்ஷயரின் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அங்கே பெல்ட் போடாதவர் தன் முடிவைத் தானே எடுக்கிறார். பக்கிள் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. நாங்கள் ஏறிய காரில் அந்த முடிவை எங்களுக்கு முன்பே வேறொருவர் எடுத்து, அதன்மேல் ரெக்சினும் தைத்துவிட்டார். அவரவர் உயிர் அவரவர் பொறுப்பு என்று பேசுபவர், அந்தப் பொறுப்பை ஏற்க வரும் பயணிக்கு வழியையாவது விட்டுவைக்க வேண்டாமா?

நம் நாட்டில் விதிகள் இல்லாமல் இல்லை. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் முன்னிருக்கை இரண்டுக்கும் எச்சரிக்கை ஒலி கட்டாயம். பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 2022 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உட்பட, பின்னிருக்கையில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தனர். முன்னால் இருந்தவர்கள் உயிர் பிழைத்தனர். அடுத்த ஆண்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 5 இணைய விற்பனை நிறுவனங்களுக்கு ஆணையிட்டதில், இத்தகைய க்ளிப்புகளின் 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கடைத்தெருவில் மட்டும் அது இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது.

பாம்பன் சாலைப் பாலத்தில், பக்கத்து ரயில் பாலத்தைப் பார்க்கப் பயணிகள் வண்டியைத் திடீரென்று நிறுத்துவது எங்களுக்குப் பழகிய காட்சி. அன்றும் முன்னால் சென்ற வேன் அப்படித்தான் நின்றது. எங்கள் ஓட்டுநர் பிரேக்கை மிதித்த வேகத்தில், அக்காவின் பேத்தி என் இருக்கையின் முதுகில் வந்து மோதினாள். உதட்டில் சிறு காயம்தான். பெல்ட் போடாத எனக்கு அந்தக் குழந்தையைத் திரும்பிப் பார்க்கவே கூசியது.

இந்த க்ளிப்பை யாரும் வாங்க வேண்டாம். வாடகைக் கார் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தோடு சீட் கவர் தைப்பவரிடம் போகலாம். எங்கள் வீட்டுக் காரும் அதே குறையோடுதான் இருந்தது. ராமநாதபுரத்தில் தையல்காரர் பின்னிருக்கை கவரில் மூன்று இடங்களில் துளை போட்டு, ஓரம் மடித்துத் தைத்து, மூன்று பக்கிளையும் வெளியே எடுத்துவிட அரை மணி நேரம்தான் ஆனது. கூலி 200 ரூபாய்.