போல்சிக் பிளஸ், எல்எக்ஸ்கேட்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

வாயுவுக்குள் எலக்ட்ரான் எப்படிச் சிதறிக்கொண்டு நகர்கிறது என்பதை ஒரு சின்ன டிரிஃப்ட் குழாயில் (மின்புலம் எலக்ட்ரான்களை வாயுவினூடே இழுக்கும் குழாய்) அளப்பது என் வேலை. அளந்ததைக் கணக்கோடு ஒப்பிட இரண்டை நம்பியிருக்கிறேன்: மோதல் குறுக்குவெட்டுத் தரவுகளை (எந்த ஆற்றலில் எந்த மோதல் எவ்வளவு எளிதில் நடக்கும் என்ற அளவு) இலவசமாகத் தரும் இணையதளமான எல்எக்ஸ்கேட், அந்தத் தரவை வைத்து, எலக்ட்ரான்களின் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கிறது என்று சொல்லும் போல்ட்ஸ்மன் சமன்பாட்டைத் தீர்க்கும் போல்சிக் பிளஸ். பின்னது ஹாகெலாரும் பிட்ச்ஃபோர்டும் 2005-இல் விவரித்த நிரல். சில நொடிகளில் விடை வந்துவிடும். அந்த வேகம் இன்றும் எனக்குப் பிடிக்கும்.

முதல் வருடம் தரவை எடுத்த விதத்தில் தவறு செய்தேன். ஆர்கானுக்கே ஃபெல்ப்ஸ், பியாகி, ஹயாஷி என்று ஆய்வாளர்கள் பெயரில் பல தொகுப்புகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு, அயனியாக்கத்துக்கு மட்டும் இன்னொன்றின் தரவைச் சேர்த்தேன். தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல தரவு. ஆனால் அயனியாக்கக் குணகம் (ஓர் எலக்ட்ரான் குறிப்பிட்ட தூரம் நகரும்போது எத்தனை அயனியாக்கங்களை உண்டாக்குகிறது என்பது) அளவீட்டோடு ஒட்டவே இல்லை. இந்தத் தொகுப்புகளில் பல, எலக்ட்ரான் திரளின் அளவீடுகளோடு ஒத்துவரும் வரை மொத்தமாகத் திருத்தப்பட்டவை. கிளர்ச்சிக்கு ஆற்றல் அதிகம் போனால் அயனியாக்கம் குறையும். ஒன்றை மட்டும் பிடுங்கி மாற்றினால் அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது.

நைட்ரஜனில் வேறு சிக்கல். 2.3 எலக்ட்ரான் வோல்ட் அருகே எலக்ட்ரான் மூலக்கூறில் ஒரு கணம் ஒட்டி, அதை அதிரவைத்துவிட்டுப் பிரிகிறது. தரவுக் கோப்பில் 'எஃபெக்டிவ்' என்று குறித்திருந்தால் இந்த மோதலும் அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதை 'எலாஸ்டிக்' (மூலக்கூறின் உள்நிலை மாறாத மீள் மோதல் மட்டும்) என்று மாற்றிக் கொடுத்தால் ஒரே மோதல் இரண்டு முறை கணக்கில் ஏறும், டிரிஃப்ட் வேகம் குறைந்து வரும். கோப்பில் அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

அப்புறம் ஆர்கான். கணக்கு சொன்னதைவிட என் குழாயில் வேகம் அதிகமாக வந்தது. தரவுத் தொகுப்பைத்தான் சந்தேகப்பட்டேன். அதே வாயுவை வெளியேற்றாமல் மூடிவைத்து மறுநாள் காலை அளந்தபோது வேகம் இன்னும் ஏறியிருந்தது. குறுக்குவெட்டு ஒரு ராத்திரியில் மாறாது. மாறியது வாயு. சுவரிலிருந்து கசிந்த நீராவி எலக்ட்ரான்களின் ஆற்றலை உறிஞ்சி, சுமார் 0.23 எலக்ட்ரான் வோல்ட்டில் இருக்கும் ராம்சவர் பள்ளத்தை நோக்கி இறக்கிவிடுகிறது. அங்கே ஆர்கான் அணு எலக்ட்ரானின் வழியில் கிட்டத்தட்ட நிற்பதே இல்லை, அதனால் திரள் வேகமாக நகர்கிறது. போல்சிக் பிளஸில் துளி நீராவி சேர்த்து ஓட்டியதும் அதே ஏற்றம் வந்தது. குழாயை நன்றாகச் சூடேற்றி வாயுவை இறைத்த பிறகு அளவீடு கணக்குக்கு இறங்கியது. இந்த ஒரு வாரத்துக்காகவே இந்த நிரலுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

எல்லை எங்கே? எலக்ட்ரான்கள் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய சமமாகப் பறக்கின்றன என்று எடுத்துக்கொள்ளும் இரண்டு-உறுப்புத் தோராயத்தைத்தான் போல்சிக் பிளஸ் பயன்படுத்துகிறது. மீத்தேனில் மீள் சிதறல் மிகக் குறையும் இடத்திலேயே அதிர்வு இழப்பு பலமாக இருப்பதால் அந்த அனுமானம் தளர்கிறது. குறுக்குத் திசைப் பரவலில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே பியாகியின் மேக்போல்ட்ஸ் நிரல் பக்கம் போய்விடுகிறேன். எலக்ட்ரான்களை மோதல் மோதலாகத் தற்செயல் எண்களால் பின்தொடரும் மான்டி கார்லோ முறை என்பதால் காத்திருக்க வேண்டும், ஆனால் நம்பலாம்.

தொகுப்புகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. அதனால் ஒவ்வொரு விடைக் கோப்பின் தலையிலும் தொகுப்பின் பெயரையும் தரவிறக்கிய தேதியையும் எழுதிவைக்கிறேன்.