ஸ்டாரா, டெல்டாவா? காற்றாலைப் பண்ணையில் 33 கே.வி. பக்கத்துக்கு யார் பூமி கொடுப்பது?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்பது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கே தெரியும். காய்ந்த பனைமட்டை ஒன்று பிய்ந்து பறந்துவந்து, 33 கே.வி. கம்பிக்கும் கம்பத்தின் கிராஸ் ஆர்முக்கும் நடுவே சிக்குகிறது. எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் பூமிக்குள் பாயும் பழுது. சப்-ஸ்டேஷன் ரிலே (பழுதைக் கண்டுபிடிக்கும் கருவி) சரியாகப் பார்த்து, அந்த லைனை, அதாவது ஃபீடரைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறந்துவிடுகிறது. ஆனால் அந்த ஃபீடரில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு காற்றாலைகளும் உடனே நிற்பதில்லை. சில சைக்கிள்களோ அரை நொடியோ அவை தனித்து ஓடுகின்றன. அந்த நேரத்தில் லைனுக்குப் பூமித் தொடர்பு எங்கிருந்து வரும்? டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களின் இணைப்பைத் தேர்வு செய்யும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்.

காற்றாலைக்குக் கீழே நிற்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரில் பெரிய விவாதம் இல்லை. 690 வோல்ட் பக்கம் ஸ்டார் (மூன்று சுருளும் நியூட்ரல் என்ற ஒரு புள்ளியில் சேரும்), நியூட்ரல் பூமியில், 33 கே.வி. பக்கம் டெல்டா (மூன்றும் முக்கோணமாகச் சேரும், பூமியில் இறக்க நியூட்ரல் இல்லை). அங்கேயும் ஸ்டார் வைத்து பூமியில் இறக்கினால், ஒவ்வொரு காற்றாலையும் எர்த் ஃபால்ட் கரண்ட்டில் ஒரு பங்கைக் கொடுக்கும், சப்-ஸ்டேஷன் ரிலேவுக்குத் தெரிவது குறைந்துபோகும். அதனால் டெல்டாவே நல்லது. ஆனால் அதற்கான விலையைத்தான் மேலே சொன்ன அரை நொடியில் கொடுக்கிறோம்.

போட்டி, சப்-ஸ்டேஷனில் 33 கே.வி.யை 110 ஆக்கி கிரிட்டுக்கு அனுப்பும் பெரிய டிரான்ஸ்ஃபார்மரில்தான். 110 கே.வி. பக்கம் டெல்டா, 33 கே.வி. பக்கம் ஸ்டார் என்பதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மின்சாரம் ஒரே திசையில் போகும் 33/11 விநியோகத்தில் அது சரி. இங்கே, கிரிட்டின் அந்த முனை திறந்துகொண்டால் 110 கே.வி. லைன் பூமியில்லாமல் காற்றாலைகளின் கையில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் ஸ்டார், நடுவே டெல்டா டெர்ஷரி (மூன்றாவது சுருள்): இது வலுவான வழி. 33 கே.வி. நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரோடு ஒட்டியே இருப்பதால் அது தனியாகக் கழன்றுபோக வழியில்லை. டெர்ஷரியை மிச்சம் பிடிக்க நினைக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் 110 பக்கத்து ஸ்டார் பெயருக்குத்தான் ஸ்டார். காற்றாலைகளின் டெல்டா பூமிக் கரண்ட்டின் வழியை அடைத்துவிடும்.

110 பக்கம் ஸ்டார், 33 பக்கம் டெல்டா, கூடவே அந்த டெல்டாப் பக்கத்துக்கு ஒரு நியூட்ரல் உண்டாக்கித் தரும் ஜிக்‌ஜாக் எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர்: என் ஓட்டு இதற்கு. கிரிட்டுக்கு நல்ல பூமி கிடைக்கிறது, இரண்டு பக்கத்து எர்த் ஃபால்ட்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை, 33 கே.வி. கரண்ட்டை நாம் விரும்பிய அளவில் நிறுத்தலாம். 33 கே.வி.யில் ஒரு ஃபேஸுக்கும் பூமிக்கும் இடையே சுமார் 19,050 வோல்ட். 400 ஆம்பியர் போதும் என்றால் நியூட்ரல் ரெசிஸ்டர் ஏறக்குறைய 48 ஓம். ஒரு நிபந்தனை: ஜிக்‌ஜாக்கைத் தனி பிரேக்கரில் பஸ்பாரில் (எல்லா ஃபீடரும் வந்து சேரும் கம்பியில்) மாட்டினால், அது டிரிப் ஆகும்போது இன்கமரும் (பெரிய டிரான்ஸ்ஃபார்மரை பஸ்பாரோடு இணைக்கும் பிரேக்கர்) சேர்ந்தே டிரிப் ஆக வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் 33 கே.வி. புஷிங்கிலேயே (கம்பி வெளியே வரும் முனையிலேயே) நேரடியாக இணைத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை.

ஆனால் இரண்டு வழியிலும் பூமி இருப்பது சப்-ஸ்டேஷனில். பனைமட்டை கதையில் ஃபீடர் பிரேக்கர் திறந்ததும் அது அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. நல்ல இரண்டு ஃபேஸும் 19 கே.வி.யிலிருந்து 33-க்கு ஏறும். லோடு போன வேகத்தில் அதற்கு மேலும் ஏறலாம். மின்னலின் உயர் வோல்ட்டேஜைப் பூமிக்குக் கடத்தும் லைட்னிங் அரெஸ்டரில், 30 கே.வி. ரேட்டிங் உள்ளது தொடர்ந்து தாங்குவது சுமார் 24 கே.வி. மட்டுமே. வெடித்த அரெஸ்டரைக் கம்பத்தில் பார்த்திருக்கிறேன்: உறை கிழிந்து, கீழே எர்த் வயர் கழன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் இடி விழுந்தது என்றார்கள். அன்றைக்கு வானம் வெளுத்துக் கிடந்தது.

இதற்கு மருந்து என்ன? ஃபீடருக்கு ஒரு ஜிக்‌ஜாக் வைக்கலாம். அது காற்றாலைப் பக்கத்தில் இருப்பதால் பூமி விலகாது. ஆனால் நான்கு ஃபீடர் என்றால் நான்கு இடத்திலிருந்து கரண்ட் சேரும், பழுதில்லாத ஃபீடரின் ரிலேவும் தன் ஜிக்‌ஜாக் கரண்ட்டைப் பார்த்து ஏமாறும். திசை அறியும் ரிலே கட்டாயம். இன்னொன்று, ஃபைபர் வழியாகக் காற்றாலைகளை முதலில் நிறுத்திவிட்டு, பிறகு ஃபீடரைத் திறப்பது. செலவு குறைவு, ஆனால் ஃபைபர் அறுந்த நாளில் பழைய கதைதான். மூன்றாவது, பிரேக்கர் திறந்த கையோடு ஃபீடரின் மூன்று ஃபேஸையும் பூமியில் சேர்த்துவிடும், இன்டர்லாக் செய்த வேக சுவிட்ச். நீளமான கேபிள் ஃபீடர்களுக்கு அது அருமை. ஆரல்வாய்மொழி போல ஓவர்ஹெட் லைன் ஓடும் இடத்தில் நான் ஃபீடர் ஜிக்‌ஜாக்கையே வைப்பேன், கூடவே அரெஸ்டரை 36 கே.வி.க்கு உயர்த்துவேன்.

எதை வைத்தாலும், சித்திரை முடிவதற்குள் நியூட்ரல் ரெசிஸ்டரை ஓம் மீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். துருப்பிடித்து உள்ளே அறுந்திருந்தாலும் எந்த அலாரமும் அடிக்காது. மீட்டர்கள் எல்லாம் வழக்கம்போலவே காட்டும். முதல் மட்டை பறந்து வரும்போதுதான் தெரியும்.