நெடுந்தொலைவுச் சரக்கு: டீசல் லாரியும் மின்கல லாரியும்

ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் 40 டன் எடையுடன் ஓடும் டீசல் லாரி, தொட்டியை ஒருமுறை நிரப்பினால் 1,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். 2024 இறுதியில் உற்பத்திக்கு வந்த மெர்சிடிஸ் பென்ஸ் இஆக்ட்ரோஸ் 600, 621 கிலோவாட் மணி மின்கலத்துடன் சுமார் 500 கிலோமீட்டர் செல்லும் என்கிறது அதன் நிறுவனம். இந்த எண்களை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு என்றே கருதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டியதும் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்ட விடாததால், அதற்குள் அவர் கடப்பது ஏறத்தாழ 400 கிலோமீட்டர்தான். அந்த ஓய்விலேயே மெகாவாட் திறனுள்ள மின்னேற்றி மின்கலத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும் என்பதால், பயண நேரம் கூடுவதில்லை.

டீசலின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாகிறது; மின்மோட்டாரில் இழப்பு மிகக் குறைவு, இறக்கத்தில் வேகம் குறைக்கும்போதும் ஆற்றல் மின்கலத்துக்குத் திரும்புகிறது.

எடையிலும் வாங்கும் விலையிலும் டீசலே முந்துகிறது. பல டன் கனமுள்ள மின்கலத்தை ஈடுசெய்ய, மாசில்லா லாரிகளுக்கு ஒன்றியம் 2 டன் வரை கூடுதல் எடையை அனுமதிக்கிறது. ஜெர்மனி அவற்றுக்குச் சாலைச் சுங்கக் கட்டணத்திலிருந்து விலக்கும் அளித்துள்ளது.

ஆயினும் மின்னேற்றிகள் இன்னும் போதவில்லை. இரவில் ஒரே பணிமனைக்குத் திரும்பும் நிலையான வழித்தடங்களுக்கு மின்கல லாரியைத் தயங்காமல் வாங்கலாம்; இரு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் இடைவிடாப் பயணங்களுக்கு இப்போதைக்கு டீசலே பொருத்தமானது.