எக்ஸ்-ரே, புற ஊதா, சிவப்பொளி, ரேடியோ அலை: உடல் எதை விழுங்குகிறது, எதை விடுகிறது?

ஆழமாக ஊடுருவும் கதிர்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உடலைக் கடந்து வெளியேறிய கதிர் உள்ளே எதையும் விட்டுச் செல்வதில்லை. தங்கிவிட்ட ஆற்றல்தான் கணக்கு.

எக்ஸ்-ரேயில் ஒரு பங்கு மறுபக்கம் வந்துவிடும். தசையில் பெரும்பாலும் அணு எண் குறைந்த ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். எலும்பில் அணு எண் 20 கொண்ட கால்சியம். கதிரை விழுங்கும் அளவு அணு எண்ணின் ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுவதால் எலும்பு படத்தில் வெள்ளையாக விழுகிறது. உள்ளே தங்கும் பங்கு டி.என்.ஏ.வைச் சிதைக்கக்கூடும், தேவையில்லாமல் எடுக்க வேண்டாம் என்பது அதனால்தான்.

புற ஊதா பி (280–315 நானோமீட்டர்) பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடும். அதற்காக அதைச் சாது என்று சொல்லிவிட முடியாது. மொத்த ஆற்றலும் அந்த மெல்லிய அடுக்கிலேயே இறங்குகிறது, டி.என்.ஏ.வே அதை நேரடியாக வாங்கிக்கொள்கிறது. தோல் புற்றுநோய்க்கு இது முக்கியக் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியும் ஒளிதான். இருட்டில் டார்ச்சின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது, சிவப்பு தப்பி வருகிறது. ஆனால் எலும்பின் நிழல் மட்டும் தெரியாது. எக்ஸ்-ரே பெரும்பாலும் நேராகப் போகிறது. ஒளியோ திசுவில் திரும்பத் திரும்பச் சிதறி, வந்த திசையையே இழந்துவிடுகிறது. விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இந்தத் தப்பிவரும் ஒளியை நம்பித்தான் இயங்குகிறது: 660 நானோமீட்டர் சிவப்பு, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் முன்னதைக் குறைவாகவும் பின்னதைக் கூடுதலாகவும் உறிஞ்சும். கறுத்த தோலில் இந்தக் கருவி சில நேரம் ஆக்சிஜன் அளவைக் கூட்டிக் காட்டுகிறது. இது சின்னக் குறை அல்ல, சிகிச்சையே தள்ளிப்போகலாம்.

அப்புறம் ரேடியோ அலை. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. பயன்படுத்தும் 64 மெகாஹெர்ட்ஸ் அலை உடலுக்குள் நன்றாகவே இறங்கும். ஹைட்ரஜன் கருக்கள் அதில் கொஞ்சத்தை வாங்கி, திரும்பத் தரும் சைகைதான் படமாகிறது. மிச்சம் வெப்பமாகும், மூலக்கூறு பிணைப்பை உடைக்கும் அளவுக்கு அதன் ஃபோட்டானுக்கு, அதாவது ஒற்றை ஆற்றல் பொட்டலத்துக்கு, வலு இல்லை. 2.45 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைத் திசுவில் உள்ள நீர் உறிஞ்சுவதால், அது தசையில் சில சென்டிமீட்டருக்குள் தளர்ந்துவிடும்.

வாங்குவது மட்டுமல்ல, நம் உடல் இரவும் பகலும் கதிர் வீசிக்கொண்டும் இருக்கிறது. உச்சம் 9.5 மைக்ரோமீட்டர் அருகே, அகச்சிவப்பில். அங்கே தோலுக்கு நிறம் தரும் மெலனினுக்கு வேலையே இல்லை: எந்த நிறத் தோலும் வெப்பப்படக் கருவிக்கு ஏறத்தாழ ஒன்றுதான்.