காரைக்குடி ஜங்ஷனா, தேவகோட்டை ரஸ்தாவா?

இரண்டுமே 1930-இல் திறந்த புதுக்கோட்டை–மானாமதுரை தடத்தில் அடுத்தடுத்து வரும் ஸ்டேஷன்கள்தான், ஆனால் ரயிலேற எதற்குப் போவது என்ற இந்தக் கேள்வி தேவகோட்டைக்காரர்களுக்குத் தீர்ந்தபாடில்லை. காரைக்குடியில் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக வரும் தடமும் வந்து சேர்கிறது. 2018-இல் பட்டுக்கோட்டை வரை அகலப்பாதையான பிறகு திருவாரூர்ப் பக்கம் போவதும் சுலபம். சென்னைக்குப் போகும் விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இங்கிருந்தே கிளம்புவதால், இடம் பிடிக்க அடித்துக்கொள்ள வேண்டாம். என்ன, நடைமேடை மாற படியேற வேண்டும், பெரிய பெட்டியோடு வந்தால் மூச்சு வாங்கும்.

ரஸ்தா சின்னது, கூட்டமில்லை. பெயரில் தேவகோட்டை இருக்கிறதே என்று நம்பி இறங்கினால் ஊருக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்கணும். எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது. கல்லல், சிவகங்கை போக சரி. சென்னைக்கு என்றால் நான் காரைக்குடிக்குத்தான் போவேன்.