கல்யாண வீடியோ கொடுக்க வாங்கிய 128 ஜிபி பென்டிரைவ்

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். ஆல்பத்தோடு இப்போது பென்டிரைவும் கொடுத்தாக வேண்டும். முகூர்த்த சீசனுக்காக இந்த 128 ஜிபி உலோக மாடலை மொத்தமாக எடுத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த விலைக்கு வருகிற பலதும் இப்படித்தான்.

செருகியதும் 119 ஜிபி என்றுதான் காட்டும். மோசடி இல்லை. தயாரிப்பவர்கள் நூறு கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார்கள், விண்டோஸுக்கு அது 107 கோடிச் சொச்சம். மேக்கில் செருகிப் பாருங்கள், 128 என்றே காட்டும். இதற்காக ஸ்டார் குறைப்பவர்கள் கடைக்காரரை விட்டுவிடலாம்.

நான் குறைப்பது வேகத்துக்கு. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘நொடிக்கு 150 எம்பி வரை’ என்று இருக்கிறது. அது படிக்கும் வேகம். எழுதும் வேகம் பற்றி மூச்சே இல்லை. முதல் சில ஜிபி சரசரவென்று ஏறும். உள்ளே வேகமாக எழுதக்கூடிய சிறு பகுதி ஒன்று உண்டு, அது நிரம்பும்வரைதான் இந்த ஆட்டம். பிறகு 20 எம்பிக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிடும். 80 ஜிபி கல்யாணம் ஒன்று, அட்டைக் கணக்குப்படி 9 நிமிட வேலை. நிஜத்தில் ஒரு மணி நேரம் தாண்டுகிறது. வேகமான நீல யுஎஸ்பி போர்ட், பழைய கறுப்பு போர்ட் எதில் செருகினாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரும்போதே எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டில் (ஃபைல்களை டிரைவில் அடுக்கி வைக்கும் ஒரு முறை) வருகிறது. பெரிய ஃபைல் அப்படியே ஏறும், ஆனால் சில பழைய டிவிகளுக்கு அது புரியாது. “தம்பி, டிவில ஒண்ணும் வரலியே” என்று பெண் வீட்டிலிருந்து போன் வரும். அதைவிடப் பழைய முறையான ஃபேட்32க்கு மாற்றினால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. அதனால் பழைய டிவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் நலங்கு, தாலி கட்டு, ரிசப்ஷன் என்று துண்டு போட்டுத் தருகிறேன்.

“எதுக்கு பென்டிரைவ், லிங்க் அனுப்பிடுங்க” என்பவர்களும் உண்டு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, மெயிலும் போட்டோவும் அதற்குள்ளேயே. என் இணைப்பில் அப்லோட் 20 எம்பிபிஎஸ். இது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 2.5 எம்பி. அதே 80 ஜிபி ஏற ஒன்பது மணி நேரம், அதுவும் நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.

5க்கு 3 கொடுக்கிறேன். ஒரு தடவை ஏற்றி, கஸ்டமர் கையில் கொடுத்துவிடும் வேலைக்குத் தாராளமாக வாங்கலாம். 100 எம்பிபிஎஸ் 4கே வீடியோ ஓடவும் நொடிக்கு 12.5 எம்பி போதும், அதை இது அலட்டாமல் தருகிறது. எடிட்டிங் டேபிளில் தினமும் புழங்க வேண்டுமென்றால் கூடக் கொஞ்சம் போட்டு சின்ன எஸ்எஸ்டி (இதைவிட வேகமான டிரைவ்) எடுங்கள். காப்பி முடிந்ததும் உடனே பிடுங்காதீர்கள், உலோக உடம்பு நன்றாகச் சுடுகிறது.